காயும் நேரமும் எரியும் நேரமும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில், சுவாமிமலையில் நிகழ்த்திய உரை)

 

காலையில் 60 படி ஏறிச் சுவாமிநாதனைத் தரிசனம் செய்துவிட்டு, மதியம் வாழையிலைச் சாப்பாட்டையும் ஒரு கை பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த நேரத்தில் "பீங்கானைச் சீக்கிரமாகச் சுடுவது எப்படி" என்று ஒருவன் பேச வந்தால் கண் சொருகத்தான் செய்யும். தெரிந்துதான் வந்திருக்கிறேன். செயலாளர் எனக்குக் கொடுத்திருப்பது இருபது நிமிஷம். அதற்குள் முடித்துவிடுகிறேன்.

நான் நம் கல்லூரியில் இயற்பியல் படித்தவன். பிறகு கிண்டியில் பீங்கான் தொழில்நுட்பம் படித்தேன். அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் சூளைகளோடுதான் குடித்தனம். ஊருக்கு வரும்போதெல்லாம் உறவுக்காரர்கள், "கப்பு சாஸர் செய்யற வேலையா?" என்று கேட்பார்கள். அதுவும் பீங்கான்தான். ஆனால் இன்று பீங்கான் என்பது காபிக் கோப்பையோடு நின்றுவிடவில்லை. உங்கள் மோட்டார் சைக்கிளின் ஸ்பார்க் பிளக்கில் இருக்கும் வெள்ளைக் குழாய் அலுமினா. பல் டாக்டர் மாட்டிவிடும் வெள்ளைப் பல் உறை சிர்கோனியா. இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் வைக்கிற பந்து, குண்டு துளைக்காத கவசத்தில் இருக்கும் தகடு இவற்றிலும் பீங்கான் உண்டு. இவற்றை உயர்வகைப் பீங்கான்கள் என்கிறோம். மண்ணுக்குப் பதிலாகச் சுத்தமான பொடி. சூளைக்குப் பதிலாக 1,400, 1,600 டிகிரி செல்சியஸ் உலை. மற்றபடி குயவர் செய்வதும் இதே வேலைதான்: பிசை, உருவாக்கு, காயவை, சுடு.

இதைச் சுவாமிமலையில் வந்து ஏன் பேசுகிறான் என்று கேட்கலாம். இங்கே ஐம்பொன் சிலைதானே பேர்போனது, பீங்கானுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது. சிலை உலோகம், ஆனால் அந்தச் சிலைக்கு உருவம் கொடுப்பது சுட்ட மண். ஒவ்வொரு சிலைக்கும் ஸ்தபதி ஒரு பீங்கான் பாகம் செய்கிறார். வேலை முடிந்ததும் அதை உடைத்துப் போட்டுவிடுகிறார். உடைத்துப் போடுவதால் அதை யாரும் கண்காட்சியில் வைப்பதில்லை. நமக்கும் கண்ணில் படுவதில்லை.

மாணவர்களுக்காகச் செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் கலந்து முதலில் மெழுகுச் சிலை செய்கிறார்கள். அதன் மேல் காவிரி வண்டலை உமிக்கரியோடு அரைத்து மெல்லிய பூச்சாகப் பூசுகிறார்கள். அது நிழலில் காய வேண்டும். காய்ந்த பிறகு வயல் களிமண்ணும் மணலும் கலந்த இரண்டாவது பூச்சு. மறுபடி காயல். பிறகு இன்னும் கரடான மூன்றாவது பூச்சு. பெரிய சிலையானால் இரும்புக் கம்பி கட்டுவார்கள். எல்லாம் காய்ந்ததும் வரட்டி அடுக்கித் தீ மூட்டுகிறார்கள். மெழுகு உருகி வடிந்துவிடும். உள்ளே சிலையின் வடிவத்தில் வெற்றிடம். சூடு ஆறுவதற்குள் அச்சை மண்ணில் புதைத்து, உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். மெழுகின் எடையைப் போல் எட்டிலிருந்து பத்து மடங்கு உலோகம் வேண்டும் என்பது பழைய கணக்கு. இரண்டின் அடர்த்தியையும் வகுத்துப் பாருங்கள், கணக்கு சரியாக வரும்.

இதில் மூன்று காத்திருப்பு இருக்கிறது. தண்ணீர் போகக் காத்திருப்பது ஒன்று. மெழுகு போகக் காத்திருப்பது இரண்டு. தீயில் மண் இறுகக் காத்திருப்பது மூன்று. உலகத்தில் எந்தப் பீங்கான் தொழிற்சாலைக்குப் போனாலும் இதே மூன்றுதான். "சீக்கிரம் செய், எரிபொருளை மிச்சப்படுத்து" என்று இன்றைக்கு விஞ்ஞானிகள் தலையை உடைத்துக்கொள்வது எல்லாம் இந்த மூன்றில் எதையாவது குறைப்பதற்குத்தான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் தண்ணீர். ஈரம் உள்ளிருந்து வெளியே வர வேண்டும். இயற்பியல் மாணவர்களுக்குத் தெரியும்: பரவிச் செல்லும் எதற்கும் தூரம் இரண்டு மடங்கானால் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்கு. அதனால்தான் ஒரே கனமான பூச்சாக அப்பாமல் மெல்லிசாகப் பூசி, காயவைத்து, மறுபடி பூசுகிறார்கள். பார்த்தால் மெதுவான வழி மாதிரி இருக்கும். உண்மையில் அதுதான் வேகமான வழி. வெயிலில் வைத்தால் என்ன? வெளிப்புறம் முந்திக் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். மேலே விரிசல் விடும். அந்த விரிசலுக்குள் உலோகம் புகுந்தால் அம்மன் கன்னத்தில் கோடு. ஆகவே நிழல். உமிக்கரி சேர்ப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. அது மண்ணில் நுண்ணிய துளைகளை உண்டாக்குகிறது. ஈரம் வெளியேற வழி. பிறகு உலோகம் ஊற்றும்போது காற்றும் வாயுவும் வெளியேறவும் அதுவே வழி.

இதே முறையை இன்று விமான எஞ்சினுக்கு டர்பைன் பிளேடு செய்பவர்களும் கையாளுகிறார்கள். இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங் என்று பெயர். மெழுகு மாதிரியை மிக நுண்ணிய பீங்கான் குழம்பில் முக்கி எடுத்து, மணல் தூவி, காயவைத்து, மறுபடி முக்குகிறார்கள். முதல் பூச்சு நுண்பொடி, அடுத்தடுத்தது கரடு. அறையின் ஈரப்பதத்தையும் காற்றோட்டத்தையும் கட்டுப்படுத்திக் காயல் நேரத்தைக் குறைக்கிறார்கள். ஸ்தபதியின் மூன்று பூச்சு அங்கே ஆறு, ஏழு, எட்டு என்று ஆகியிருக்கிறது. அடிப்படை மாறவில்லை.

இரண்டாவது, மெழுகு. இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. மெழுகு சூடானால் விரியும், மண் ஓட்டை விட அதிகமாக விரியும். மெல்லிய பீங்கான் ஓட்டை மெதுவாகச் சூடாக்கினால், உள்ளே மெழுகு முழுவதும் சேர்ந்து வீங்கி ஓட்டைப் பிளந்துவிடும். "மெதுவாகச் செய்தால் பத்திரம்" என்பது இங்கே எடுபடாது. அதனால் அந்த ஓடுகளை ஆட்டோகிளேவ் என்னும் அழுத்தக் கலத்தில் வைத்து, சில விநாடிகளில் நீராவி அழுத்தத்தை ஏற்றுகிறார்கள். ஓட்டை ஒட்டியிருக்கும் மெழுகு முதலில் உருகி ஓடிவிடும். நடுவில் இருக்கும் மெழுகு விரிவதற்கு அப்போது இடம் கிடைத்துவிடும். ஓடு பிழைக்கும். அம்மா வீட்டில் பிரஷர் குக்கர் வைத்த மாதிரிதான்.

உயர்வகைப் பீங்கானில் இந்த மெழுகுப் பிரச்சினை வேறு உருவத்தில் வருகிறது. சிக்கலான சின்னப் பாகங்களைப் பிளாஸ்டிக் வாளி செய்வது போல அச்சில் அழுத்திச் செய்ய, பொடியோடு மெழுகோ பாலிமரோ கலக்க வேண்டும். சுடுவதற்கு முன் அது வெளியேற வேண்டும். வெறும் சூட்டினால் வெளியேற்றினால் கனமான பாகத்துக்கு நாள்கணக்கில் ஆகும். இதற்கு ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் ஒரு வழி கண்டது. பாலிஅசிட்டால் என்ற பாலிமரைக் கலந்து, அது உருகுவதற்கும் குறைவான சூட்டில், நைட்ரிக் அமில ஆவியை விட்டு வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி அதைக் கரையவைத்தார்கள். நாள்கணக்கு மணிக்கணக்கானது. தீயைக் கூட்டவில்லை, வெளியேறும் வழியை மாற்றினார்கள்.

மூன்றாவது, சுடுவது. எரிபொருள் செலவின் பெரும்பங்கு இங்கேதான். ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ அலுமினாவை அறைச் சூட்டிலிருந்து 1,600 டிகிரிக்குக் கொண்டுபோகத் தேவையான வெப்பம் சுமார் அரை யூனிட் மின்சாரம். அரை யூனிட்தான்! நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி அரைமணி நேரம் எடுப்பது. ஆனால் சாதாரண உலையில் ஒரு கிலோ பீங்கானுக்கு ஆகும் செலவு இதைப் போல் பல மடங்கு. மிச்சமெல்லாம் எங்கே போகிறது? உலைச் சுவரைச் சூடாக்க, பாகங்களைத் தாங்கும் தட்டுகளைச் சூடாக்க, வண்டியைச் சூடாக்க, புகைபோக்கி வழியாக ஆகாயத்தைச் சூடாக்க. அரைப்படி அரிசி வேகவைக்க அண்டாவை அடுப்பில் ஏற்றின கதை.

இன்னொரு கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரைத் தீயால் ஆவியாக்க ஏறத்தாழ 0.7 யூனிட் வேண்டும். ஒரு கிலோ அலுமினாவை 1,600 டிகிரிக்குச் சூடேற்றுவதை விட இது அதிகம்! ஆக, சுவாமிமலையில் நிழலிலும் காவிரிக் காற்றிலும் காய்கிற ஈரம் ஒவ்வொரு லிட்டரும் அவ்வளவு எரிபொருளை மிச்சப்படுத்துகிறது. நான் உங்களிடம் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். காத்திருப்பது வேறு, எரிப்பது வேறு. ஸ்தபதி நாள்கணக்கில் காத்திருக்கிறார். எரிப்பது கொஞ்ச நேரம். தொழிற்சாலையிலோ காத்திருக்கிற நேரமெல்லாம் எரிகிற நேரமாகவும் இருக்கிறது. நாம் குறைக்க வேண்டியது எரியும் நேரத்தை.

இதைப் புரிந்துகொள்ளாமல் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வடக்கே ஒரு தொழிற்சாலையில் மின்கம்பத்துக்கான இன்சுலேட்டர்கள் சுட்டுக்கொண்டிருந்தோம். தீபாவளிக்கு முன்னால் சரக்கு போக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. உலை ஆறுவதற்கு முன்பே கதவைத் திறந்து காற்றை விடச் சொல்லிவிட்டார்கள். பீங்கானில் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரியில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும், சட்டென்று சுருங்கும். அந்த இடத்தை மெல்லக் கடக்க வேண்டும். இல்லாவிட்டால் வெடிப்புதான். ராத்திரி முழுக்க "ணங்... ணங்..." என்று சத்தம். ஒவ்வொரு சத்தமும் ஒரு இன்சுலேட்டர். காலையில் அதைக் கூட்டி அள்ளிய தொழிலாளர்களுக்கு அந்த வருஷம் போனஸ் குறைந்தது. உத்தரவு போட்டவர்களுக்குக் குறைந்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஆகவே "வேகமாகச் சுடு" என்றால் தீயை அதிகமாக்கு என்று அர்த்தம் இல்லை. எது தடையோ அதை எடு என்று அர்த்தம். பீங்கான் தரை ஓடு இதற்கு நல்ல உதாரணம். பழைய சுரங்கச் சூளையில் வண்டி வண்டியாக அடுக்கிச் சுட ஒரு நாளைக்கு மேல் ஆகும். 1970-களில் இத்தாலிக்காரர்கள் உருளைகளின் மேல் ஓடுகளை ஒற்றை வரிசையாக ஓடவிட்டுச் சுடும் உலையைப் பரவலாக்கினார்கள். அடுக்கு இல்லை, வண்டி இல்லை, ஒவ்வொரு ஓட்டுக்கும் மேலும் கீழும் சூடு. ஒரு மணி நேரத்துக்குள் ஓடு வெளியே வந்துவிடுகிறது. குஜராத் மோர்பியில் இன்று ஓடுவதெல்லாம் இந்த வகை உலைதான்.

அடுத்த தடை துகளின் அளவு. பொடி இறுகிக் கல்லாவதைச் சின்டரிங் என்கிறோம். பொடி உருகுவதில்லை, துகள்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அணுக்கள் நகர்ந்து கழுத்துப் போல ஒட்டிக்கொள்கின்றன. துகள் பாதியானால் அணு போக வேண்டிய தூரம் பாதி. நேரமோ எட்டில் ஒரு பங்காக, சில சமயம் பதினாறில் ஒரு பங்காகக்கூடக் குறையும் என்று கானியர்ஸ் ஹெர்ரிங் 1950-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார். நுண்பொடி என்றால் குறைந்த சூடு, குறைந்த நேரம்.

அதற்கும் மேலே போய், உலையையே சூடாக்காமல் பாகத்தை மட்டும் சூடாக்க முடியுமா என்று கேட்டார்கள். மைக்ரோவேவ் உலை அப்படி வந்ததுதான். பொடியைக் கிராபைட் அச்சில் அழுத்திக்கொண்டே மின்சாரம் பாய்ச்சும் ஸ்பார்க் பிளாஸ்மா முறை இன்னொன்று. ஐதராபாத்தில் மத்திய அரசின் ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு மையத்தில் அந்த உலை இருக்கிறது. 2010-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ரிஷி ராஜ் குழுவினர் சிர்கோனியாத் துண்டின் இரு முனையிலும் மின்னழுத்தம் கொடுத்து, உலை 850 டிகிரியில் இருக்கும்போதே ஐந்து விநாடிக்குள் இறுகவைத்துக் காட்டினார்கள். வழக்கமாக 1,400 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் ஆகும் வேலை! இதை ஃபிளாஷ் சின்டரிங் என்கிறார்கள். 2016-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளைவ் ராண்டல் குழு, பொடியில் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து அழுத்தி, 300 டிகிரிக்கும் குறைவான சூட்டில் சில பீங்கான்களை இறுகவைத்தது. 2020-ல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தார் இரண்டு கார்பன் பட்டைகளுக்கு நடுவில் பொடித் துண்டை வைத்துப் பத்து விநாடி அளவில் சுட்டு எடுத்தார்கள்.

கேட்க மாயாஜாலம் மாதிரி இருக்கிறது இல்லையா? கொஞ்சம் பொறுங்க. சோதனைச் சாலையில் சுட்டதெல்லாம் பெரும்பாலும் சின்னச் சின்னத் துண்டுகள். பாகம் பெரிதானால், வளைவு நெளிவு இருந்தால், மின்சாரம் ஒரு பக்கமாக ஓடி அங்கே மட்டும் சூடு கூடிவிடும். குளிர் முறை எல்லாப் பொருளுக்கும் ஒத்துவராது. ஆகவே விருத்தாசலத்தில் சூளை வைத்திருக்கும் சிறுதொழில்காரரிடம் போய், "நாளையிலிருந்து ஃபிளாஷ் சின்டரிங் செய்யுங்க" என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு இன்றைக்கே பலன் தருவது வேறு. செங்கல் சுவருக்குப் பதிலாகப் பீங்கான் பஞ்சு உள்ளுறை, கனமான தட்டுகளுக்குப் பதில் மெல்லிய தட்டு, புகைபோக்கியில் போகிற சூட்டைத் திருப்பிக் காயல் அறைக்கு விடுவது. இவை எல்லாம் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் 2022-ல் எரிவாயு விலை ஏறி மோர்பியிலேயே பல உலைகளைச் சில வாரங்கள் நிறுத்திவைத்தபோது, எரிபொருள் கணக்கு என்பது கூலிக் கணக்கும்தான் என்று எல்லோருக்கும் புரிந்தது.

சரி, சுவாமிமலைக்கு வருவோம். 2023-ல் டெல்லி பாரத மண்டபத்தின் முன் நிறுத்திய 27 அடி நடராஜர் இங்கிருந்து போனவர்தான். சுமார் 18 டன். ஏழு மாதத்தில் முடித்தார்கள். அவ்வளவு பெரிய உருவத்துக்கும் பழைய மெழுகு முறைதான், காவிரி வண்டல்தான். நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம், செய்தித்தாளில் வந்த படத்தை வெட்டி வைத்துக்கொண்டோம். ஆனால் அந்த மண்ணைப் பற்றி நம் கல்லூரியில் யாராவது ஒரு பக்கம் எழுதியிருக்கிறோமா?

ஏன் கேட்கிறேன் என்றால், வண்டல் என்பது ஆறு கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. 1934-ல் மேட்டூர் அணை வந்ததிலிருந்து மேலிருந்து வரும் வண்டலில் ஒரு பங்கு அணைக்குள்ளேயே தங்குகிறது. 2017-ல்தான் அங்கே முதல்முறையாகத் தூர்வாரினார்கள். கீழே ஆற்றில் மணல் அள்ளி அள்ளிப் படுகை எப்படி ஆனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாளைக்கு இந்த மண் கிடைக்கவில்லை, வேறு மண்ணைச் சேர்க்க வேண்டும் என்றால், எந்த மண்ணை, எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? இப்போது இருக்கிற நல்ல மண்ணின் குணம் என்ன என்று அளந்து வைத்திருந்தால்தானே சொல்ல முடியும்? அது ஸ்தபதியின் விரலுக்குத் தெரியும். விரல் அறிந்ததைப் பேரனுக்குச் சொல்ல அவர் பக்கத்தில் பேரன் உட்கார்ந்திருக்க வேண்டும். பேரன் சென்னையிலோ துபாயிலோ இருந்தால்?

இயற்பியல், வேதியியல் மாணவர்களுக்கு மூன்று வேலை தருகிறேன். ஒன்று, வண்டலைப் பிசைந்து பட்டையாக்கி, அதில் பத்து சென்டிமீட்டருக்குக் கோடு போட்டு, காய்ந்த பிறகும் சுட்ட பிறகும் எவ்வளவு சுருங்கியது என்று அளங்கள். ஒரு ஸ்கேல் போதும். இரண்டு, உமிக்கரியை வெவ்வேறு அளவில் சேர்த்து எது விரிசல் இல்லாமல் சீக்கிரம் காய்கிறது என்று பாருங்கள். ஒரு தராசும் கடிகாரமும் போதும். மூன்று, வரட்டித் தீயில் அச்சு எந்த நேரத்தில் எத்தனை டிகிரிக்குப் போகிறது என்று தெர்மோகப்பிள் வைத்துக் குறியுங்கள். எத்தனை கிலோ வரட்டி என்றும் எழுதுங்கள். ஆற்றின் வெவ்வேறு இடத்து மண்ணுக்கும் இதையே செய்தால் ஒரு வருஷத்தில் நல்ல அறிக்கை ஆகிவிடும்.

ஒரு நிபந்தனை. பட்டறைக்குள் போகும்போது அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்ற நினைப்பு கூடாது. "ஐயா, கத்துக்க வந்திருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அவர் சொல்ல விரும்பாத கலவை விகிதம் ஏதாவது இருந்தால் தோண்டிக் கேட்காதீர்கள், அது அவர் சோறு. அறிக்கையின் முதல் பக்கத்தில் அவர் சம்மதத்தோடு அவர் பெயரும் இருக்க வேண்டும். முதல் பிரதி அவர் கைக்குப் போக வேண்டும்.

தெர்மோகப்பிளும் அளக்கும் கருவியும் வாங்கும் செலவை எங்கள் வகுப்புத் தோழர்கள் ஏற்றுக்கொள்கிறோம். இதைக் காலையிலேயே பேசி முடித்துவிட்டோம். விருப்பமுள்ள மாணவர்கள் பெயரைச் செயலாளரிடம் இன்றே கொடுத்துவிட்டுப் போகலாம். மழை ஓய்ந்து, தை பிறந்ததும் மண் எடுக்கத் தொடங்கலாம்.

இருபது நிமிஷம் என்று சொல்லி ஐந்து நிமிஷம் கூடுதலாக எடுத்துக்கொண்டேன்.